ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு யார் கதவைத் தட்டுவது? வேலூர்ப் பக்கத்து சிறுநீரக நோயாளிக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

சிகிச்சைக்கு உதவி கேட்டு மனு எழுத நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீடு, மேலே 'பொருள்' என்று ஒரு வரி. கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவரே பேசிக்கொண்டே முடித்துக் கொடுத்துவிடுவார். ஆராய்ச்சிக்கு நிதி கேட்பது அப்படி இல்லை. யாரிடம் கேட்பது என்பதிலேயே குழப்பம். கலெக்டரா, எம்.எல்.ஏ.வா, எம்.பி.யா, நேராக டெல்லிக்கா, இல்லை கோர்ட்டுக்கா?

எங்கள் டயாலிசிஸ் குடும்பங்களுக்குள் கொஞ்ச நாளாக ஓடிக்கொண்டிருக்கும் விவாதம் இது. ஆளுக்கொரு கருத்து. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் எம்.பி.யிடம் போக வேண்டும். ஆனால் அவரிடம் பணம் கேட்கக் கூடாது. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கச் சொல்ல வேண்டும். மற்ற வழிகள் வீண் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு காரியத்துக்கு உதவும். அதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே மனுவைக் கொடுத்தால், எல்லா இடத்திலிருந்தும் ஒரே ஒப்புகைச் சீட்டுதான் வரும்.

முதலில், எதைக் கேட்கிறோம்?

டயாலிசிஸ் பிரிவில் நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு வகையாகப் பிரியும். சர்க்கரையால் வந்தவர்கள், ரத்தக் கொதிப்பால் வந்தவர்கள், கல்லடைப்பைக் கவனிக்காமல் விட்டவர்கள் ஒரு பக்கம். இவர்களுக்குக் காரணம் தெரியும். இன்னொரு பக்கம், என் அண்ணனுக்கு அடுத்த கட்டிலில் படுக்கும் பெரியவர் மாதிரி ஆட்கள். கே.வி.குப்பம் பக்கம், வாழ்நாள் முழுக்க வெயிலில் கூலி வேலை. "எனக்கு சுகர் இல்ல, குடிப் பழக்கம் இல்ல, பி.பி. கூட கிட்னி போன பிறகுதான் வந்துச்சுன்றாங்க. அப்புறம் எதுக்குப்பா போச்சு?" என்று யார் வந்தாலும் கேட்பார். டாக்டரிடமும் கேட்டிருக்கிறார். டாக்டர் நேர்மையாக, தெரியவில்லை என்றே சொல்லியிருக்கிறார்.

காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய் என்று இதற்கு மருத்துவத்தில் தனி வகையே இருக்கிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், எல் சல்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில், நமக்குப் பக்கத்தில் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில் கொத்துக் கொத்தாகப் பார்த்திருக்கிறார்கள். கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது, பூச்சிமருந்து, குடிநீரில் கலக்கும் உலோகங்கள் என்று சந்தேகப் பட்டியல் நீளம். ஒன்றுதான் காரணம் என்று இதுவரை முடிவாகவில்லை. நம் பக்கத்திலும் அது அப்படிக் கொத்தாக இருக்கிறதா என்று சொல்ல, ஊர் ஊராக, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினினை ரத்தத்திலும் புரதத்தைச் சிறுநீரிலும் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். அதற்குத்தான் நிதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. எங்கள் கூட்டத்தில் சிலர் மனுவிலேயே "தோல் கழிவால் கிட்னி கெட்டது" என்று எழுத வேண்டும் என்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு அந்தக் கோபம் புரியாமல் இல்லை. பாலாற்றங்கரையில் பிறந்த எவருக்கும் அது உண்டு. ஆனால் காரணத்தை நாமே எழுதிவிட்டால், பிறகு எதை ஆராயச் சொல்கிறோம்? அதைவிட, தோல் ஷெட்டில் வேலை செய்யும் குடும்பங்களே நம் கூட்டத்தில் இருக்கின்றன. முதல் நாளே அவர்கள் விலகிப் போய்விடுவார்கள். 'காரணத்தைக் கண்டுபிடியுங்கள்' என்பதோடு மனு நிற்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. பணம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். மத்திய அரசில் மருத்துவ ஆராய்ச்சிக்கென்று சுகாதார ஆராய்ச்சித் துறை என்று தனித் துறை இருக்கிறது. அதன் கீழே ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 2025-26 பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கிய கிட்டத்தட்ட 1 லட்சம் கோடி ரூபாயில், இந்த ஆராய்ச்சித் துறைக்குக் கிடைத்தது சுமார் 3,900 கோடி. அதிலிருந்து நோயாளிக்கோ சங்கத்துக்கோ யாரும் செக் எழுதித் தரமாட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2 கோடி வரை சிறு மானியம், 2 முதல் 8 கோடி வரை இடைநிலை மானியம் என்று அழைப்பு வரும். ஆக, நம் மனுவோடு ஒரு சிறுநீரக மருத்துவரோ, பொதுச் சுகாதார ஆய்வாளரோ நிற்காவிட்டால், எந்தத் தலைவர் நினைத்தாலும் அந்தப் பணம் வந்து இறங்க இடம் இருக்காது. 1971-லேயே சிறுநீரக மாற்று அறுவை நடந்த ஊர் இது. தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், அதுவும் ஐ.சி.எம்.ஆரின் நிறுவனம்தான், சென்னை அயப்பாக்கத்தில் இருக்கிறது. ஆளுக்குப் பஞ்சமில்லை. போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மனு

சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தைத்தான் எங்களில் பலர் முதலில் சொன்னார்கள். பழக்கமான வழி, செலவில்லை, மனுவுக்கு எண் கிடைக்கும். ஆனால் கலெக்டர் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் இல்லை, ஆராய்ச்சி நிதி அவர் கையிலும் இல்லை. மனு மாவட்ட சுகாதாரப் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வரும். டயாலிசிஸுக்கு வந்துபோகப் பேருந்து வசதி, முதல்வர் காப்பீட்டு அட்டையில் சிக்கல், ஊருக்குக் குடிநீர்ப் பரிசோதனை, இவற்றுக்கு அது சரியான இடம். ஆராய்ச்சிக்கு இல்லை.

போதாததற்கு, திங்கள்-புதன்-வெள்ளி ஷிஃப்டில் டயாலிசிஸ் செய்பவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வரவே முடியாது. இதை யாரும் யோசிப்பதில்லை.

கிராமசபைத் தீர்மானம் வேறு கதை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராமசபையில், "எங்கள் ஊரில் சிறுநீரக நோய்க் கணக்கெடுப்பு வேண்டும்" என்று ஒரு தீர்மானம் போட்டு வாங்கிவிட்டால், அது தனி மனு இல்லை, ஊரின் குரல். நாலைந்து ஊராட்சிகளின் தீர்மான நகல் கையில் இருந்தால் எம்.பி. ஆபீஸில் உங்களை உட்காரச் சொல்வார்கள்.

எம்.எல்.ஏ.: பக்கத்தில் இருக்கிறார், கையில் இருப்பது வேறு

எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது சுலபம். கல்யாணத்திலும் காதுகுத்திலும் கூடப் பார்த்துவிடலாம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி என்றதும் பலருக்கு அதில்தான் கண். அதில் கட்டடம் கட்டலாம், அரசு மருத்துவமனைக்கு உபகரணம் வாங்கலாம். ஆய்வுக்கு மானியம் தர முடியாது. எம்.பி.யின் 5 கோடிக்கும் அதே விதிதான்: நிலைத்து நிற்கும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். ஆய்வு என்பது கண்ணுக்குத் தெரியும் சொத்து இல்லை. அதற்குத் திறப்பு விழாவும் கிடையாது. ஆகவே 'உங்கள் நிதியிலிருந்து' என்ற சொல்லே மனுவில் வரக் கூடாது. வந்தால், நல்ல மனசோடு இன்னும் ஒரு டயாலிசிஸ் மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டு, உங்கள் கோரிக்கை நிறைவேறிவிட்டது என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மெஷின் வேண்டாம் என்று சொல்ல நம்மாலும் முடியாது.

எம்.எல்.ஏ. வழியில் உண்மையிலேயே பெறக்கூடியது கணக்கெடுப்பு. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஏற்கெனவே ஆட்கள் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கிறார்கள். அந்தப் பையோடு சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டையையும் சேர்த்துக் கொடுத்து, வெயிலில் வேலை செய்பவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொன்னால், ஆராய்ச்சிக்கு அடித்தளம் கிடைத்த மாதிரி. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. வேலூர் வெயிலைப் பற்றிச் சட்டமன்றத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெயிலும் கிட்னியும் என்று இணைத்துக் கேட்டால், சுகாதாரத் துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு எம்.எல்.ஏ. பேசுவதற்குச் சரக்கு இருக்கிறது. கவன ஈர்ப்புத் தீர்மானமும் கொண்டுவரலாம்.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வா, எதிர்க்கட்சியா என்பது இங்கே முக்கியம். ஆளுங்கட்சிக்காரர் அவையில் சங்கடமான கேள்வி எழுப்பமாட்டார். ஆனால் அமைச்சர் அறைக்குள் நேராகப் போய்ப் பேசுவார். எதிர்க்கட்சிக்காரர் அவையில் முழங்குவார். பேச்சு பத்திரிகையில் வரும், கோப்பு நகராது. மாநில அளவில் எனக்கு முதலாமவர்தான் மேல். நமக்கு வேண்டியது செய்தி இல்லை, துறைச் செயலாளரிடமிருந்து கிளம்பும் ஒரு உத்தரவு.

உத்தானம் சொல்லும் கதை

அரசியல்வாதிகள் முழு மனத்தோடு இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். உத்தானத்தில் தென்னையும் முந்திரியும் சூழ்ந்த ஊர்களில் பல்லாண்டுகளாகச் சனங்கள் கிட்னி போய்ச் செத்துக்கொண்டிருந்தார்கள். 2017 ஜனவரியில் நடிகர் பவன் கல்யாண் அங்கே போய் நோயாளிகளைச் சந்தித்ததும் விஷயம் மாநிலம் முழுக்கப் பரவியது. 2018 மே மாதம் அந்த நோயாளிகளுக்காக உண்ணாவிரதமும் இருந்தார். சந்திரபாபு நாயுடு அரசு டயாலிசிஸ் மையங்களில் கவனம் வைத்தது. அடுத்து வந்த ஜெகன் மோகன் ரெட்டி அரசு டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியம் கொடுத்தது. பலாசாவில் சிறுநீரக ஆராய்ச்சி மையமும் 200 படுக்கை மருத்துவமனையும் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டன. பல நூறு கோடி ரூபாயில் ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டமும் வந்தது.

இவ்வளவும் நடந்தது மாநில அரசியலால். கட்சி மாறினாலும் கோரிக்கை செத்துப்போகவில்லை. ஒவ்வொரு கட்சியும் முந்தினவரைவிட நான் அதிகம் செய்தேன் என்று காட்டப் போட்டி போட்டது. பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வந்ததில் பெரும்பகுதி சிகிச்சை, பென்ஷன், தண்ணீர், கட்டடம். ஏன் வருகிறது என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. ஓட்டு கேட்டு வருபவரிடம் எது கேட்டாலும் அது கடைசியில் கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாறித்தான் வரும். ஆராய்ச்சி மையம் என்று பெயர்ப்பலகை வைப்பதும் ஆராய்ச்சிக்கு ஆண்டு தோறும் ஆள் போட்டு, மாதிரி எடுத்து, அதே குடும்பங்களைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்வதும் ஒன்றல்ல. மாநில வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு, 'மையம்' கேட்காமல் 'கணக்கெடுப்பு' கேட்க வேண்டும்.

எம்.பி.: பணத்தைக் கூட்ட முடியாதவர், பதிலை வாங்க முடிந்தவர்

முதலில் உங்கள் எம்.பி. யார் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், இதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். காட்பாடி வேலூருக்கு ஒட்டியே இருந்தாலும் நாடாளுமன்றத்துக்கு அது அரக்கோணம் தொகுதி. ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர் எல்லாம் அரக்கோணம்தான். வேலூர் எம்.பி.க்கு வருபவை வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர். திருப்பத்தூரும் ஜோலார்பேட்டையும் திருவண்ணாமலைத் தொகுதி. ஆக, ஒரே டயாலிசிஸ் ஹாலில் படுத்திருப்பவர்களுக்கு மூன்று எம்.பி.கள் இருக்கலாம். இது தொல்லை இல்லை, பலம். ஒரே கேள்வியை மூன்று பேர் கொடுத்தால் மக்களவையில் அவற்றை ஒன்றாகச் சேர்த்து மூவர் பெயரிலும் பதில் தருவார்கள்.

எம்.பி. ஆபீஸில் நோய் என்று சொன்னாலே ஒரு அச்சு விழுந்துவிடும். பிரதமர் நிவாரண நிதிக்கு எம்.பி. பரிந்துரைக் கடிதம் கேட்டு வருபவர்கள் அவ்வளவு பேர். கிட்னி என்று நாங்கள் வாயைத் திறந்ததுமே உதவியாளர், "ஆபரேஷனா? எஸ்டிமேட் ஒரிஜினலா ஜெராக்ஸா? பேஷண்ட் ஆதார் வெச்சிருக்கீங்களா?" என்று கையை நீட்டினார். "இல்ல சார், இது பார்லிமென்ட் கேள்விக்கு" என்றதும் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டினார். அந்த ஆபீஸில் எல்லா மனுக்களும் பணம் கேட்டோ, சிபாரிசு கேட்டோ வருபவை. எம்.பி.க்கே ஏதாவது கொண்டுவந்து கொடுக்கும் மனு அபூர்வம். நன்றாக எழுதின கேள்வி அவருக்கு நாம் கொடுக்கும் பொருள். அவர் கணக்கில் ஏறும்.

ஏன் பணம் கேட்கக் கூடாது என்கிறேன்? கேட்டாலும் அவரால் கூட்ட முடியாது. மானியக் கோரிக்கையை அரசுதான் வைக்கும், எம்.பி.க்கு அதைக் குறைக்க வெட்டுத் தீர்மானம் கொண்டுவரத்தான் உரிமை. ஒரு துறைக்கு ஒதுக்கீடு போதவில்லை என்று குறை சொல்ல வேண்டுமானாலும், "அந்தத் துறையின் மானியத்தில் 100 ரூபாய் குறைக்க வேண்டும்" என்றுதான் தீர்மானம் கொடுக்க வேண்டும். கேலிக்கூத்து மாதிரி இருக்கும், ஆனால் விதி அது. அமெரிக்கக் கதைகளைப் படித்துவிட்டு நம்மாட்கள் ஏமாறுவது இங்கேதான். அங்கே 1992-ல் மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் திரண்டு கேட்டு, ராணுவத் துறையின் கணக்கிலேயே 21 கோடி டாலரை ஆராய்ச்சிக்கு எழுத வைத்தார்கள். முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளின் பெற்றோர் விடாமல் போய்ப் பேசிப் பேசி, 1997-ல் ஒரு சட்டத்தால் தொடங்கிய தனி நிதியைத் திரும்பத் திரும்ப நீட்டிக்க வைத்தார்கள். அங்கே உறுப்பினரின் பேனாவே பட்ஜெட்டில் வரி எழுதும். நம் உறுப்பினரின் பேனா கேள்விதான் எழுதும்.

அந்தக் கேள்விக்கு இருக்கும் மதிப்பைக் குறைத்து எடைபோடாதீர்கள். அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி மக்களவையில் ஒரு நாளைக்கு 20தான். குலுக்கலில் விழ வேண்டும், விழுந்தாலும் நேரம் கிடைக்க வேண்டும். குறியிடாத கேள்வி நாளொன்றுக்கு 230 வரை போகும். எழுத்தில் பதில் வரும், பதிவாக நிற்கும். நமக்கு இரண்டாவதே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. 15 முழு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். எங்கள் வரைவு இப்படிப் போகிறது:

(அ) தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய் பற்றி ஐ.சி.எம்.ஆர். ஏதேனும் ஆய்வு செய்துள்ளதா;
(ஆ) கடந்த மூன்று ஆண்டுகளில் சிறுநீரக நோய் ஆராய்ச்சிக்கு விடுவித்த தொகை, மாநில வாரியாக எவ்வளவு;
(இ) வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இத்தகைய ஆய்வு மேற்கொள்ளும் உத்தேசம் உண்டா;
(ஈ) இல்லையெனில் காரணம் என்ன?

இதில் மருத்துவமனை, டயாலிசிஸ், மருந்து என்ற சொற்களே இல்லை என்பதைப் பாருங்கள். வேண்டுமென்றே விட்டோம். அவை வந்தால் பதிலின் முதல் வரி, "பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் வருபவை" என்று தொடங்கும், அதோடு கதை முடியும். ஐ.சி.எம்.ஆர். மத்திய அரசின் பிள்ளை. அதைப் பற்றிக் கேட்டால் மாநிலத்தின் பக்கம் கை காட்ட முடியாது.

பதில் மூன்று விதத்தில் வரலாம். 'ஆய்வு இல்லை' என்றால், அதுவே அடுத்த மனுவின் முதல் வரி. 'உண்டு' என்று எங்கோ நடக்கும் ஆய்வைச் சொன்னால், ஏன் இங்கே இல்லை என்று கேட்கலாம். 'பரிசீலிக்கப்படும்' என்று வந்தால்தான் அதிர்ஷ்டம். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குறுதியாக அதை எடுத்துக்கொண்டால், அரசு வாக்குறுதிகள் குழு அதைப் பின்தொடரும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்பது வழக்கம். மூன்று மாதம் ஆறு மாதமாகும், ஒரு வருடமும் ஆகும். ஆனால் கோப்பு மூடப்படாது.

கேள்வி ஒன்று போதாது என்பவர்களுக்கு 377-ஆம் விதி இருக்கிறது. அதன்படி எம்.பி. ஒரு சிறு உரையை வாசித்துப் பதிவு செய்வார். துறையிலிருந்து பதில் கடிதம் வரும். அதையும் நாமே எழுதிக் கொடுத்துவிடலாம். கேள்வி நேரம் முடிந்ததும் வரும் பூஜ்ய நேரத்தில் பேசினால் வீடியோ கிடைக்கும், வாட்ஸ்அப்பில் ஓடும். ஆறுதலுக்கு அது நல்லது.

மாநிலங்களவையும் நிலைக்குழுவும்

தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு 18 பேர். தொகுதி இல்லாததால் கால்வாய், ரோடு, ரயில்வே கேட் என்று யாரும் அவர்களை மொய்ப்பதில்லை. எங்கள் கூட்டத்தில் யாருக்கும் இந்த யோசனையே வரவில்லை. எனக்கு இது இரண்டாவது சிறந்த வழியாகப் படுகிறது. சுகாதார அமைச்சகத்தைக் கண்காணிக்கும் நாடாளுமன்ற நிலைக்குழு மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ்தான் இயங்குகிறது. 31 உறுப்பினர்கள்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. ஒவ்வொரு ஆண்டும் சுகாதார ஆராய்ச்சித் துறையின் மானியக் கோரிக்கையைத் தனியாக ஆராய்ந்து தனி அறிக்கை தருவது இந்தக் குழு. ஒதுக்கிய பணம் செலவாகியிருக்கிறதா, போதுமா என்று அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்கள். நிதியைப் பற்றி உண்மையில் விசாரணை நடக்கும் இடம் அந்த அறைதான், கேமரா இல்லாததால் கட்சிச் சண்டையும் குறைவு. தமிழ்நாட்டு உறுப்பினர் யாராவது அந்தக் குழுவில் இருந்தால், பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட்டுக்குப் பிறகு வரும் இடைவேளைக்கு முன்பே நம் இரண்டு பக்கக் குறிப்பு அவர் மேஜையில் இருக்க வேண்டும்.

நாடாளுமன்ற மனுக் குழுவும் இருக்கிறது. அவைக்கே நேரடியாக மனுப் போடலாம், எம்.பி. ஒருவர் மேலொப்பம் போட்டுத் தாக்கல் செய்யலாம். தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். மதிப்பு உண்டு, வேகம் கிடையாது. கேள்விக்கு வந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் அங்கே போவதில் அர்த்தம்.

கோர்ட்

நம் ஊருக்குக் கோர்ட் மேல் ஒரு தனி நம்பிக்கை. உச்ச நீதிமன்றத்தில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குதான் தோல் தொழிற்சாலைக் கழிவு விஷயத்தில் நாடே மேற்கோள் காட்டும் தீர்ப்பை 1996-ல் தந்தது. நோயாளிகளுக்கும் கோர்ட் உதவியிருக்கிறது: 2014-ல் கோஷே என்ற அரிய மரபணு நோயுள்ள ஒரு சிறுவனுக்கு இலவச சிகிச்சை தரச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, 2021-ல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது, 2022-ல் அதன் உதவித் தொகை வரம்பு 50 லட்சமானது. ஆனால் இவை கிடைக்க வேண்டிய சிகிச்சையைப் பற்றியவை, அல்லது கண்ணெதிரே நடக்கும் மாசைப் பற்றியவை. 'இந்த நோயை ஆராய இவ்வளவு ஒதுக்கு' என்று நீதிபதி எழுதமாட்டார். அது அரசின் கொள்கை முடிவு என்பார். வாரம் மூன்று நாள் மெஷினில் கிடப்பவரை மனுதாரராக்கி ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எப்போது, யார்

நேரம் தவறினால் எந்த வழியும் பயன்படாது. நாடாளுமன்றம் ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவில், மார்ச் இரண்டாவது வியாழக்கிழமை, உலக சிறுநீரக தினம் வருகிறது. எம்.பி.க்குப் பேச ஒரு சாக்கு வேண்டுமென்றால் அதைவிட நல்ல நாள் இல்லை. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலத்துக்கென்று முதல் முறையாகத் தீர்மானம் நிறைவேற்றியதையும் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். டெல்லி அதிகாரிகளுக்கு அந்த மொழி சட்டென்று புரியும். ஆனால் துறைகள் அடுத்த ஆண்டுக் கணக்கைப் போடத் தொடங்குவது அக்டோபர், நவம்பரிலேயே. ஆகவே முதல் கேள்வி குளிர்காலக் கூட்டத்தொடரில் போக வேண்டும். மார்ச்சில் தொடங்கினால் ஒரு வருடம் பின்னால்தான்.

அதற்கும் முன்னால் ஒரு தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். சிறுநீரக ஆராய்ச்சிக்கு எந்தெந்த நிறுவனத்துக்கு எவ்வளவு போனது என்று ஐ.சி.எம்.ஆரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். பதில் முழுதாக வந்தால் கேள்வி வரைவில் (ஆ) பிரிவு தேவையில்லை. அந்த இடத்தில், வந்த தொகையைச் சொல்லி, தமிழ்நாட்டுக்கு ஏன் இவ்வளவுதான் என்று கேட்கலாம். வராவிட்டால் வரைவு அப்படியே இருக்கட்டும்.

யார் போவது என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு. நோயாளியே போக வேண்டும், டயாலிசிஸ் ஊசிக்காக ஃபிஸ்டுலா போட்ட கையைப் பார்த்தால்தான் மனம் இளகும் என்கிறார்கள் சிலர். மனம் இளகினால் நிவாரண நிதிக் கடிதம்தான் வரும் என்பது என் கட்சி. செவ்வாய்-வியாழன்-சனி ஷிஃப்டிலிருந்து ஒருவர், கணக்கு வழக்கு பேசத் தெரிந்த ஒரு குடும்பத்தார், கூட ஒரு மருத்துவர், மூன்று பேர் போதும். கூட்டத்தொடர் இல்லாத வாரத்தில், எம்.பி. ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து, ஆங்கிலத்தில் கேள்வி வரைவு இரண்டு நகல், தமிழில் ஒரு பக்கக் குறிப்பு, கிராமசபைத் தீர்மான நகல்கள். ஆதாரையும் எஸ்டிமேட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.